மாத்திரையில் இல்லாத கசப்பு

அத்தியாயம் 14

போன வாரம் ஒரு மனிதரை நாக்கை நீட்டிய நிலையில் சாப்பாட்டு மேஜையில் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளும் அப்படியே உட்கார்ந்திருப்பாரோ என்று கவலைப்பட வேண்டாம். நமக்குத்தான் ஒரு வாரம். அவருக்கு அரை நிமிடம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா டீக் கம்பெனியில் ருசி பார்ப்பவர். காலை பதினொரு மணிக்குள் இருநூறு கோப்பை டீயை உறிஞ்சித் துப்பி, எது நல்லது, எது குப்பை என்று சொல்லிவிடுவார். கம்பெனியில் அவருக்கு 'நாக்கு' என்றே பெயர். மனைவி போன பிறகு இரண்டு பெண்களையும் தனியாக வளர்த்தவர். இவர்களுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இன்னும் அவரைவிட்டுப் போகவில்லை.

மூத்தவள் டவர் கிரேன் ஓட்டுகிறவள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவளை எல்லோரும் 'கொக்கி' என்று கூப்பிடுவார்கள். ஏழு வாரத்துக்கு முன்னால் ஏணியில் கேபினுக்கு ஏறும்போது, மேலே கேபின் வாசலை மூடும் இரும்பு மூடி தலையில் விழுந்தது. ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, பேசும்போது வார்த்தை நடுவில் காணாமல் போகிறது, குனிந்து நிமிர்ந்தால் தரை நகர்கிறது.

இளையவள் வேதியியல் படித்தவள். ஒரு காட்டுச் செடியின் வேரிலிருந்து சத்தைப் பிரித்தெடுக்கும் லேபில் வேலை. மூளையில் லேசாக அடிபட்டவர்களுக்கு அந்த வேர்ச்சத்து உதவுமா என்று இப்போது நூறு பேரை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். அதில் மூத்தவளும் ஒருத்தி. தங்கை லேபில் இருப்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தாள்.

இன்று நான்காவது வாரப் பரிசோதனை. அதற்குக் கிளம்பும் நேரத்தில்தான் அப்பா அந்தக் கேப்ஸ்யூல் மாத்திரை ஒன்றைத் திருகித் திறந்து, உள்ளே இருந்த தூளை நாக்கில் வைத்துவிட்டார்.

"வெறும் மாவு," என்றார் அப்பா. ருசி பார்க்கும்போது அவருக்கு வரும் அந்த நீதிபதிக் குரலில் சொன்னார். "நாலு வாரமா என் பொண்ணுக்கு மாவு கொடுத்திருக்கானுங்க."

இளையவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் போட்டாள்.

"அப்பா! எதுக்குப்பா அதைப் பிரிச்சீங்க?"

"வீட்டுக்குள்ள வர்ற எதையும் நான் ருசி பாக்காம விட்டிருக்கேனா?"

"பேஸ்ட்டைக்கூட விட்டதில்ல," என்றாள் மூத்தவள். அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, உள்ளேயும் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சிரிக்காதக்கா. இது சிரிக்கற விஷயம் இல்ல. தான் சாப்பிடறது நிஜ மருந்தா டம்மியான்னு யாருக்காவது தெரிஞ்சுட்டா அவங்களைச் சோதனையில இருந்து எடுத்துடுவாங்க. விதி அது."

"டம்மின்னு ஒண்ணு எதுக்கு?" அப்பா மேஜையைத் தட்டினார். "அடிபட்டு வந்தவளுக்கு மருந்தைக் கொடுக்காம மாவைக் கொடுக்கறது என்ன நியாயம்?"

இளையவள் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இன்னொரு தடவையும் சொன்னாள்.

"லேசா அடிபட்ட நெறைய பேருக்கு நாளாக ஆகத் தானாவே சரியாகும்ப்பா. எல்லாருக்கும் மருந்தைக் கொடுத்தா, மருந்தால சரியாச்சா, நாளானதால சரியாச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அதனாலதான் பாதிப் பேருக்கு டம்மி. கொடுக்கற டாக்டருக்கே எது யாருக்குன்னு தெரியாது."

"சரி, விடு. நீ லேப்லதானே இருக்க? ஒரு ஸ்பூன் நிஜத்தைக் கொண்டு வா. சோதனையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"எலிக்கு வீக்கம் குறைஞ்சுதுப்பா. எலிக்கு! மனுஷனுக்கு அது வேலை செய்யுமான்னே இப்பதான் பாக்கறோம்."

"வேர்தானே, விஷமா என்ன?"

"அரளியும் வேருள்ள செடிதான். ஒரு ஸ்பூன் தரட்டுமா?"

அப்பா வாயை மூடிக்கொண்டார். இந்த வீட்டில் அது தினமும் நடக்கிற காரியமில்லை.

இளையவள் கோபத்தோடு பையை எடுத்து மாட்டினாள். வாசல் வரைக்கும் போனவள் சட்டென்று நின்றாள். எதையோ நினைத்துக்கொண்டவள் மாதிரி திரும்பி வந்தாள்.

"அப்பா. கசப்பு எப்படி இருந்தது?"

"கசப்பா? கசப்பே இல்லைங்கறேன். அதனாலதானே மாவுன்னேன்."

"கொஞ்சம்கூட?"

"மருந்துக்குக்கூட இல்ல."

இளையவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் மூத்தவள்.

"அந்த வேர் பயங்கரக் கசப்புக்கா. லேப்ல அதுக்கு 'மேனேஜர்'னு பேர் வெச்சிருக்கோம். யாராவது வாயில போட்டுப் பாத்துடுவாங்கன்னு தெரிஞ்சுதான், டம்மியிலயும் கசப்பைச் சேர்த்தோம். நிஜமும் கசக்கும். டம்மியும் கசக்கும். கசக்காத மாத்திரைன்னு ஒண்ணு இந்தச் சோதனையிலேயே கிடையாது."

மூவரும் மேஜை மேல் இருந்த அந்த வெள்ளை பாட்டிலைப் பார்த்தார்கள்.

"அப்படின்னா இது என்ன?" என்றாள் மூத்தவள்.

"தெரியல. இல்லன்னா..." இளையவள் தயங்கினாள். "அப்பா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு அறுபது ஆகப் போகுது. நாக்குக்கும் வயசாகும்."

சொல்லியிருக்கக் கூடாது. அப்பா எழுந்து நின்றார். முப்பத்தைந்து வருடம் ஒரு கம்பெனியே அந்த நாக்கை நம்பிக் கப்பல் கப்பலாகச் சரக்கு வாங்கியிருக்கிறது. மகள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லா?

"சோதிச்சுப் பாரு," என்றார். "இப்பவே. உங்க லேப்ல பண்ற மாதிரியே பண்ணு. நான் யாருக்கும் பயப்படல."

இளையவளும் விடவில்லை. ஒரு தலைவலி மாத்திரையை நுணுக்கி, பெரிய ஜாடித் தண்ணீரில் கரைத்தாள். அடுக்களையிலிருந்து ஐந்து தம்ளர் வந்தது. இரண்டில் மட்டும் அந்தத் தண்ணீர், மூன்றில் வெறும் தண்ணீர். அடியில் எண் எழுதி ஒட்டினாள். பிறகு அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அக்கா தம்ளர்களை இடம் மாற்றி வைத்தாள். எதில் எது என்று இப்போது இளையவளுக்கே தெரியாது. மூத்தவளை அறைக்கு வெளியே நிறுத்தினார்கள். அவள் கண்ணைப் பார்த்து அப்பா கண்டுபிடித்துவிடக் கூடாதாம். காலை எட்டு மணிக்கு ஒரு குடும்பம் செய்கிற வேலையைப் பாருங்கள்!

அப்பா ஒரு ஸ்பூன் எடுத்தார். 'ஸ்ர்ர்ப்' என்று ஒரு உறிஞ்சல். அடுத்த அறைக்குக் கேட்டது. வாயில் சுழற்றித் தொட்டியில் துப்பினார். அடுத்த தம்ளர். அதற்கடுத்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வரிசையில ரெண்டாவதும் அஞ்சாவதும் கசப்பு. ஒண்ணும் நாலும் தண்ணி. மூணும் தண்ணிதான், ஆனா சோப்பு போகல. நேத்து யாரு கழுவினது?"

நேற்று கழுவியவர் அவர்தான். அதை யாரும் சொல்லவில்லை. இளையவள் தம்ளர்களைத் தூக்கி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். உள்ளே வந்த மூத்தவள் தலையை ஆட்டினாள். எல்லாம் சரி.

"நாக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள் இளையவள், மெதுவாக. "பாட்டில்தான் சரியில்ல."

அப்பா ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு நிமிடம் நின்றார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"பெரியவளே. இதை அங்க சொல்லப் போறியா?"

"சொல்லாம?"

"சொன்னா நான் பிரிச்சதையும் சொல்லணும். உன்னை வெளிய அனுப்பிடுவாங்க. அப்புறம் அந்தக் கடிதம்?"

இப்போது அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை இடத்து மேலாளர் ஸ்கேன் அறிக்கையை வைத்துக்கொண்டு, 'ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கு, நடிக்காம மேலே ஏறு, இல்லன்னா ராஜினாமா எழுதிக் கொடு' என்கிறார். திங்கட்கிழமைதான் கடைசிக் கெடு. அவளுக்கு இன்னும் முழுசாகக் குணமாகவில்லை என்று சொல்லும் ஒரே காகிதம், சோதனை டாக்டர் வாராவாரம் தரும் கடிதம். சோதனையில் இருக்கும்வரைதான் அது கிடைக்கும்.

"கடிதம் போனா வேலை போகும்," என்றார் அப்பா. "தப்பு பண்ணது நான். நீ எதுக்கும்மா அனுபவிக்கணும்? பேசாம பாட்டிலைக் கொண்டு போய் மாத்திட்டு வந்துடலாம்."

மூத்தவள் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. கூசட்டும் என்று விட்டாள்.

"அப்பா, நான் மேலே ஏறினா கீழே நாப்பது பேரு நிக்கறாங்க. ரெண்டு டன் கம்பி அவங்க தலைக்கு மேலே போகும். கண்ணு சரியில்லாம ஏற மாட்டேன்னு அந்த ஆளுகிட்ட ஏழு வாரமா சண்டை போடறேன். இப்ப எனக்கு ஒரு காகிதம் வேணுங்கறதுக்காக வாயை மூடிட்டிருந்தா, அவனுக்கும் எனக்கும் என்ன..."

வார்த்தை வரவில்லை. நெற்றியைத் தேய்த்தாள். காத்திருந்தாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவளுக்குப் பிடிக்காது.

"...வித்தியாசம்," என்று முடித்தாள். "வண்டியை எடுங்க."

*

பரிசோதனை அறையில் ஜன்னல்களைத் திரை போட்டு மூடியிருந்தார்கள். டாக்டர் நல்ல மாதிரிதான். நோயாளி உள்ளே வந்தால் எழுந்து நிற்பவர். அப்பாவையும் இளையவளையும் சேர்த்துப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. ஆனாலும் நாற்காலி போடச் சொன்னார்.

வழக்கம்போல் முதலில் பத்து வார்த்தை.

"கவனமாக் கேளுங்க. அப்புறமா கேப்பேன். குடை, மணல், பூட்டு, கழுதை, பாலம், எலுமிச்சை, ஊசி, விசில், தலையணை, படி."

அடுத்து கண். திரையில் ஓடும் பச்சைப் புள்ளியைத் தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். வலப்பக்கம் சுலபமாகப் போனது. இடப்பக்கம் போகும்போது இரண்டு தடவை புள்ளி தப்பியது. அடுத்து ஒற்றைக் காலில் இருபது விநாடி. நின்றாள்.

"போன வாரத்தைவிட நல்ல முன்னேற்றம்," என்றார் டாக்டர்.

"டாக்டர், வார்த்தையைக் கேக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். மாத்திரை பிரித்தது, மாவு, கசப்பில்லாதது, ஐந்து தம்ளர் எல்லாம். சோப்பை மட்டும் விட்டுவிட்டாள். அப்பா நடுவில் எழுந்து, "தப்பு என்னுது சார், அவளுக்குத் தெரியாது," என்றார். பாட்டில் மேஜைக்கு வந்தது.

டாக்டர் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாலு வருஷ உழைப்பும்மா இது. இந்தச் செடியை நம்பி யாரும் இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுக்க மாட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "உங்க அப்பா பிரிச்சதை நீங்க சொல்லல, நான் கேக்கல. இந்த பாட்டிலை வாங்கிக்கறேன், புதுசு தர்றேன். நீங்க சோதனையில இருப்பீங்க. கடிதமும் நிக்காது."

அப்பா மகளைப் பார்த்தார். கேட்க வந்ததும் இதுதான், கேளாமலே கிடைத்துவிட்டது.

"மத்தவங்களுக்கு?" என்றாள் மூத்தவள். "இதே சரக்கு எத்தனை பேர் வீட்டுல இருக்கு?"

"அதை நாங்க உள்ளுக்குள்ள பாத்துக்கறோம்."

"எப்படிப் பாப்பீங்க? நான் சொல்லல, நீங்க கேக்கலன்னா, எதை வெச்சுப் பாப்பீங்க?"

டாக்டர் கணினியில் பாட்டிலின் எண்ணைத் தட்டினார். திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மாத்திரையில் தூள் நிரப்பிய நாளின் பதிவேட்டுப் பக்கம். கீழே, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து.

இளையவளின் கையெழுத்து.

"நீங்க புகாரா எழுதினா முதல்ல விசாரிக்கப் போறது உங்க தங்கச்சியை," என்றார். "இதையும் யோசிச்சுக்கோங்க."

மூத்தவள் அந்தக் கையெழுத்தையே பார்த்தாள். தன் வேலையை விட்டுக்கொடுக்கலாம், அது தன்னுடையது. கூடப் பிறந்தவளின் வேலையை விட்டுக்கொடுக்க இவள் யார்?

தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். தங்கை திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் பேசியது பிசிறில்லாத குரல்.

"எழுதுக்கா."

"அவசரப்படாதீங்க," என்றார் டாக்டர். இப்போது அவர் குரலில் பரிவு கூடிப் போயிருந்தது. "உங்களுக்குத் தலையில அடிபட்டிருக்கு. இந்த மாதிரி நேரத்துல உணர்ச்சிவசப்படறது சகஜம். பெரிய முடிவு எடுக்கற நிலைமையில நீங்க இல்லம்மா. ரெண்டு வாரம் போகட்டும்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் மூத்தவள் கொஞ்சம் யோசித்திருப்பாள். ஏழு வாரமாக ஊரில் பாதிப் பேர் அவளுக்கு ஒன்றுமே இல்லை என்றார்கள், மீதிப் பேர் மூளையே போச்சு என்றார்கள். யாருக்கு எது வசதியோ அது. அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். எழுந்து நின்றாள்.

"குடை," என்றாள்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"மணல். பூட்டு. கழுதை. பாலம்." கண்ணை மூடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "ஊசி. விசில். தலையணை. படி."

ஒன்பது. இன்னும் ஒன்று இருக்கிறது. உதட்டு வரைக்கும் வருகிறது, நழுவுகிறது.

அப்பாவுக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டாலே வாயில் நீர் ஊறுகிற ஜாதி அவர். பத்தில் மற்ற எதுவும் அவருக்கு நினைவில்லாவிட்டாலும் அது ஒன்று நாக்கின் நுனியில் நின்றது. மகள் தவிப்பது தெரிந்தது. மெல்ல உதட்டை அசைத்தால் போதும், டாக்டர் பார்க்கப் போவதில்லை. இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உதட்டை இறுக மூடிக்கொண்டார். வீட்டுக்குள் வருகிற எதையும் சும்மா விடாத அந்த நாக்கு, இன்று முதல் தடவையாகச் சும்மா இருந்தது.

"பத்துல ஒண்ணு வரல," என்றாள் மூத்தவள். "அதையும் எழுதிக்கோங்க. இடது பக்கம் புள்ளி ரெண்டு தடவை தப்புச்சு, அதையும் எழுதுங்க. என்னை வெளிய அனுப்பறதா இருந்தா அனுப்புங்க. ஆனா இன்னிக்கு எடுத்த பரிசோதனை எடுத்ததுதான். இன்னிக்குத் தேதியில கடிதம் வேணும். முன்னேறியிருக்கா, இன்னும் முழுசா சரியாகலன்னு உள்ளதை உள்ளபடி போடுங்க. புகார்ப் படிவத்தையும் கொடுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார், மூடினார், மறுபடி திறந்தார். நாலு வருஷம் அவருக்கும் லேசான விஷயமில்லை. கடைசியில் கடிதத்தை எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அவள் பக்கம் தள்ளினார். பிறகு இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"பாட்டிலை ஒரு உறையில போட்டு ஒட்டுங்க," என்றாள் மூத்தவள். "ஒட்டின இடத்துல நாலு பேரும் கையெழுத்துப் போடலாம். நீங்களும்தான்."

"என்னை நம்பலையா?"

"என்னையும் நம்பாதீங்கன்னுதான் சொல்றேன் டாக்டர். இந்தச் சோதனையே அப்படித்தானே?"

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. உறையை எடுத்து ஒட்டினார்.

மூத்தவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். தரை கொஞ்சம் நகர்ந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது, ஆனால் எந்த வரியும் பாதியில் நிற்கவில்லை.

"அக்கா." இளையவள் திரைக்கு மிக அருகே போயிருந்தாள். "இரு. இந்தத் தேதியைப் பாரு."

"என்ன தேதி?"

"தூள் நிரப்பின தேதி. நான் கையெழுத்தைப் பாத்த அதிர்ச்சியில தேதியைப் பாக்கல." விரலைத் திரையில் வைத்தாள். "உன் தலையில மூடி விழுந்த நாள்க்கா இது."

அப்பா எழுந்து வந்து பார்த்தார். அவரும் அந்தத் தேதியை மறந்தவரில்லை.

"அன்னிக்குக் காலையில ஒம்பது மணிக்கே எனக்கு போன் வந்துடுச்சு," என்றாள் இளையவள். "லேப் வாசலைக்கூட மிதிக்கல. அடுத்த நாள் வரைக்கும் ஆஸ்பத்திரியில உன் கட்டில் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். இது என் கையெழுத்து மாதிரி இருக்கு. ஆனா நான் போட்டதில்ல."

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் இருந்த பரிவு இப்போது எங்கேயோ போய்விட்டிருந்தது. தேதியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். அவருக்கும் இது புதுச் செய்தியா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை.

"எனக்கு அந்த நாள் சுத்தமா ஞாபகம் இல்லடி," என்றாள் மூத்தவள். ஏணி மட்டும் நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு வெறும் வெள்ளை. "நீ பக்கத்துல இருந்ததுகூட எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். ஒவ்வொரு நிமிஷமும் தெரியும்."

மூத்தவள் படிவத்தைப் பார்த்தாள். தான் எழுதியது முக்கால் பக்கம் வந்திருந்தது. கீழே ஆறு வரிக்கு இடம் இருந்தது. காகிதத்தைத் தங்கையின் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை அவள் கையில் கொடுத்தாள்.

"அப்ப மீதியை நீ எழுது."